எங்கள் வீட்டில் யாரும் ஃபீல்டில் இல்லை

போன வாரம் நம் காலனிப் பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு பழைய போட்டோவைப் போட்டீர்கள். ஏழாம் பிளாக்கின் படிக்கட்டு. நாம் பதினோரு பேர் தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிறோம். பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் சித்தி நிற்கிறாள். "இது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "இவளோட சித்தி. டைப்பிங் கிளாஸ் போவாங்களே, அவங்க" என்று பத்து நிமிஷத்துக்குள் மூன்று பேர் பதில் போட்டீர்கள். இன்னொருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அதை உறுதியும் செய்தார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டீர்கள், சிலர் முழங்காலையே மாற்றிக்கொண்டுவிட்டீர்கள், அந்த டைப்பிங் கிளாஸ் மட்டும் உங்களுக்கு மறக்கவில்லை. அந்தப் பொய்யை உங்களுக்குச் சொன்னவள் நான்தான். சித்தி டைப்ரைட்டரைத் தொட்டது அதற்கெல்லாம் பிறகு.

நம்மை எப்படி வளர்த்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் குவார்ட்டர்ஸ், காலையில் ராணுவ ஆராய்ச்சி லேப்பின் சங்கு ஊதினால் அப்பாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சைக்கிளை எடுப்பார்கள். சாயங்காலம் சங்கு ஊதினால் ஒரே நேரத்தில் திரும்பி வருவார்கள். நடுவில் என்ன செய்தார்கள் என்று நம் அம்மாக்களுக்கே தெரியாது. "அப்பா எங்க வேலை?" "லேப்ல." "லேப்ல என்ன வேலை?" "தெரியாது." பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே நமக்கு இந்தப் பாடம் முடிந்துவிட்டது. இஸ்திரி போடுகிறவர் கேட்டாலும் தெரியாது, பஸ் கண்டக்டர் கேட்டாலும் தெரியாது. வெளியாள் எவன் வந்து பேச்சுக் கொடுத்தாலும் அவன் வாயைப் பிடுங்க வந்தவன்தான். நான் இன்றைக்கும் கூரியர்காரனிடம் முழுப் பெயரைச் சொல்வதில்லை. என் மருமகள் என்னைச் சந்தேகப் பிராணி என்கிறாள். அது உடம்போடு வந்ததில்லை, குவார்ட்டர்ஸில் கொடுத்தது என்று அவளுக்கு யார் சொல்வது.

அந்தக் காலனியில் லேப்புக்கு அடுத்தபடியாக ரகசியக் குரலில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை உண்டென்றால் அது "ஃபீல்டு". சினிமாவைச் சினிமா என்று சொன்னால் அது நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது. அதில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஃபீல்டு. "அவன் ஃபீல்டுல இருக்கானாம்" என்றால் வீடு வாடகைக்குக் கிடைக்காது. "அவ ஃபீல்டுக்குப் போயிட்டாளாம்" என்றால் அந்தப் பேச்சு அங்கேயே நின்று, பெரியவர்கள் நம்மை விளையாடப் போகச் சொல்வார்கள். தெலுங்குக்காரர்களும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், இந்திக்காரர்கள் 'லைன்' என்றார்கள். எல்லா பாஷையிலும் குரல் மட்டும் ஒரே மாதிரி இறங்கும்.

என் சித்தி, அம்மாவின் தங்கை, அந்த ஃபீல்டில் இருந்தாள்.

அம்மாவும் சித்தியும் சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மாமாவுக்குக் கல்யாணம் ஆகி அந்த வீட்டில் இடம் குறைந்ததும் சித்தி எங்களோடு வந்து சேர்ந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காலேஜ் நாடகத்தில் அவளுடைய குரலைக் கேட்ட தோழி ஒருத்தி பஞ்சாரா ஹில்ஸ் பக்கம் இருந்த ஒரு டப்பிங் தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். முதலில் கூட்டத்துக் குரல். கடைத்தெருவில் பேரம் பேசுகிறவள், கல்யாணத்தில் சிரிக்கிறவள், சாவு வீட்டில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று அழும் ஆறு பேரில் ஆறாவது ஆள். பிறகு சின்னச் சின்ன வேஷங்களுக்கு. கோட்டியில் இறங்கி இன்னொரு பஸ் மாறிப் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ. அப்பாவிடம் சொல்லியே செய்தாள். அப்பா சம்மதித்தது ஒரே நிபந்தனையில்தான்: காலனிக்குள் மூச்சு விடக்கூடாது.

அப்பா திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தாலும் குரல் ஏறாது, பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சாகிவிடும். "ஒங்க சித்தி டைப்படிக்கப் போறா. வேற என்னமும் கேட்டா ஒனக்குத் தெரியாது. என்னட்டி?" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. தெரியாது என்று சொல்வதில் ஏற்கெனவே கை தேர்ந்தவள்.

வீட்டுக்குள் ஃபீல்டு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கு அதிமதுர வாசனைதான் முதலில் வருகிறது. சித்தியின் கைப்பைக்குள் எப்போதும் ஒரு துண்டு அதிமதுரம் கிடக்கும். பையைத் திறந்தால் இனிப்பும் மரத்தூளும் கலந்த ஒரு வாசனை. குரல் கெடக்கூடாது என்று வெயில் காலத்திலும் வெந்நீர்தான் குடிப்பாள். ஐஸ் பக்கமே போக மாட்டாள். பச்சை மிளகாய், எண்ணெய்ப் பலகாரம், தயிர் எல்லாவற்றுக்கும் ஹைதராபாத் உருதில் "நக்கோ", வேண்டாம், என்று கையை ஆட்டுவாள். அவள் வசனம் பழகுவது குக்கர் சத்தம் வரும்போதுதான். நாலு விசில் வரும்வரை சமையலறையில் நின்று வசனம் பேசுவாள். எங்கள் வீட்டுப் பருப்பு எப்போதும் குழைந்தே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அழுகை மட்டும் குக்கருக்குள் அடங்காது. அதற்குக் குளியலறை. வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேவிக் கேவி அழுவாள். ஒரு நாள் கீழ் வீட்டு பெஜவாடா ஆன்ட்டி படியேறி வந்தாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். அப்பா அப்போதுதான் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று தெலுங்கில் கேட்டாள். வேறு வழியில்லாமல் சித்தியே வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதோடு உண்மையைச் சொன்னாள். ஆன்ட்டி நம்பவில்லை. "அப்படியென்றால் இப்போது அழுது காட்டு" என்றாள். சித்தி அழுது காட்டினாள். ஆன்ட்டியும் சேர்ந்து அழுதாள்.

அம்மா அன்று சித்தியைப் பிடிபிடியென்று பிடித்தாள். "கைக்குடி, ஏன்டி இப்படி மானத்தை வாங்குறே. அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன் நான்?"

"அவருக்குத்தான் பேப்பர்லேர்ந்து கண்ணே வரலியே அக்கா" என்றாள் சித்தி.

அந்த நாளிலிருந்து பெஜவாடா ஆன்ட்டி எங்கள் பக்கம். சித்தி பேசியது சிகந்திராபாத் தெலுங்கு, அதில் பாதி உருது. அந்த நாளில் படங்களில் கதாநாயகிகள் கிருஷ்ணா ஜில்லாத் தெலுங்குதான், அதாவது ஆன்ட்டியின் விஜயவாடாத் தெலுங்குதான் பேச வேண்டும். மத்தியான வேளையில் சித்தி கீழே போய் ஆன்ட்டியோடு அரிசி பொறுக்கிக்கொண்டே அவள் பேசுவதைக் கவனிப்பாள். ஒரு வாரத்தில் ஆன்ட்டி மாதிரியே பேச ஆரம்பித்தாள். ஆன்ட்டிக்கு முதலில் பெருமை. பிறகு, தன்னைக் கேலி செய்கிறாளோ என்று சந்தேகம். எங்கள் காலனியில் எந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலும் ஒரு சந்தேகம் நின்றுகொண்டிருக்கும்.

என் தமிழ் நோட்டுக்கு வருகிறேன். பள்ளியில் தமிழ் கிடையாது. நான் இங்கிலீஷிலும் இந்தியிலும் பதில் சொல்கிறேன் என்று அம்மாவுக்குக் குறை. அதனால் சாயங்காலங்களில் சித்தி ஒரு வார்த்தை கொடுப்பாள், நான் அதை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். நல்ல காரியம் என்று நினைக்காதீர்கள். அவளுக்குப் பழகுவதற்கு வசனம் வேண்டும், அதற்குத்தான். நான் எழுதியதை அவள் அழுது படிப்பாள், சிரித்துப் படிப்பாள், எஜமானி மாதிரியும் வேலைக்காரி மாதிரியும் படிப்பாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்பாள்: "எந்தக் குரல்ல படிக்கட்டும்?" நான் 'ராணி' என்பேன், 'திருடி' என்பேன். "பசு புல் தின்றது" என்ற வாக்கியத்தைத் திருடி குரலில் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் புரையேறி மூக்கில் பால் வந்திருக்கிறது.

ஒரு நாள் நானாகவே 'ஃபீல்டு' என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டேன். நான் எழுதியது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

ஃபீல்டில் இருப்பவர்கள் காரில் வருவார்கள்.

ஃபீல்டு நமக்கு ஆகாது என்று அப்பா சொன்னார்.

ஃபீல்டில் அழுதால் நிஜ அழுகை இல்லை.

என் சித்தி ஃபீல்டுக்குப் போகிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது.

ஐந்தாவது வாக்கியம் யோசித்துக்கொண்டு இருக்கும்போது அப்பா வந்துவிட்டார். பின்னால் நின்று படித்திருக்கிறார். நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் கிழித்தார். அடுத்த பக்கத்தில் பென்சில் அழுத்தியது தெரியும் என்பதற்காக. லேப்பில் அப்படித்தான் பழக்கம் போலிருக்கிறது. இரண்டையும் அடுப்பில் போட்டு, எரிந்து முடியும்வரை நின்றார். "வாயால சொன்னாக்கூட மறந்துருவான். எழுதி வைக்கப்பிடாது" என்றார்.

அதே மாதத்தில் இன்னொரு காகிதமும் எரிந்தது. அது சித்தியுடையது. தமிழ் எழுத்தில் எழுதிய தெலுங்கு வசனம். மூச்சு விட வேண்டிய இடத்தில் சாய்ந்த கோடு, உதடு மூடுகிற எழுத்துகளான ப, ம எல்லாவற்றையும் சுற்றி வட்டம். திரையில் நடிகையின் உதடு மூடும்போது இவளுடைய எழுத்தும் மூட வேண்டுமே, அதற்காக. அப்பாவின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புரியாத பாஷை, கோடு, வட்டம், நடுவில் "பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வா" என்று ஒரு வரி. சித்தி எவ்வளவு விளக்கியும் அவர் கேட்கவில்லை.

"நான் ஒன்ன நம்புதேன்மா. இதப் பாக்குத ஆளு நம்பணும்லா" என்றார்.

"யார் பாக்கப் போறா அத்தான்?"

"வெரிஃபிகேஷன் வருது."

அந்த வார்த்தையை நம்மில் மறந்தவர் இருக்க மாட்டீர்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் இருந்த அப்பாவை உள் பிரிவுக்கு மாற்றுவதாகப் பேச்சு. உள்ளே போனால் பெரிய குவார்ட்டர்ஸ், பெரிய மரியாதை. அதற்கு முன்னால் ஒரு ஆள் வருவார், மப்டியில் வருவார், அக்கம் பக்கத்தில் விசாரிப்பார், குழந்தைகளிடம்கூடக் கேட்பார் என்பது நம் காலனியில் வழிவழியாக வந்த செய்தி. சஃபாரி சூட் போட்டிருப்பார், கையில் ஃபைல் இருக்கும் என்று அடையாளமும் சொல்வார்கள். பார்த்தவர் யார் என்று கேட்டால் ஒருவரும் கிடையாது. மைத்துனி ஃபீல்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பா நம்பினார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவராகவே நம்பினார், அம்மாவையும் நம்ப வைத்தார்.

ஆகவே எனக்கு ஒத்திகை நடந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சஃபாரி ஆளாகக் கேட்பார். நான் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். "எங்க வீட்ல யாரும் ஃபீல்டுல இல்ல. சித்தி டைப்பிங் கிளாஸ் போறா." நான் ஒவ்வொரு தடவையும் எச்சிலை விழுங்கினேன். அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தி வெளியே வந்தாள். "அப்படி இல்லடி. மூச்சை இழுத்துட்டுப் பேசினா பொய்னு தெரியும். பாதி மூச்சை வெளியில விட்டுட்டு ஆரம்பி. எதிர்ல இருக்கறவர் கண்ணைப் பாக்காதே, மூக்கைப் பாரு. கடைசி வார்த்தையைக் கீழே இறக்கு, உனக்கு அலுப்பா இருக்கற மாதிரி." அந்த ஒரே வாக்கியத்தை என்னிடம் இருபது தடவை வாங்கினாள். இருபதாவது தடவை அப்பாவே சிரித்துவிட்டார். சித்தியும் சிரித்தாள். அன்று இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம்தான் சித்திக்கு அந்தச் செய்தி வந்தது. பம்பாயிலிருந்து ஒரு புது நடிகை, தெலுங்கு ஒரு எழுத்து வராது. படம் முழுக்க அவளுக்குக் குரல் வேண்டும். சித்திக்கு டெஸ்ட் எடுத்திருந்தார்கள். ஒரு சீன், நீளமான சீன், அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று பேசுவது. டைரக்டருக்குப் பிடித்துவிட்டால் ஆள் அனுப்புவோம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. லேப் போன் நம்பரை வெளியே கொடுக்கக்கூடாது. சித்தி அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வீட்டில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ஆறு பேர்ல ஆறாவது ஆளா நின்னது போதும்டி. இது கெடச்சா நான் தனி ஆளா மைக் முன்னாடி நிப்பேன். கெடைக்கலேன்னா அத்தான் சொல்ற மாதிரி நெஜமாவே டைப் அடிக்கப் போயிடுவேன்."

"கார்லயா வருவாங்க?" என்று கேட்டேன்.

சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். "ஹவ், ஆமா. கார்லதான் வருவாங்க. வந்தா நான் எங்க இருந்தாலும் ஓடி வந்து கூப்பிடு."

நான் தினமும் பால்கனியிலிருந்து காரைத் தேடினேன். நம் காலனிக்குள் அப்போது வந்துபோன கார்களை விரல் விட்டு எண்ணலாம். ஒன்று லேப் டைரக்டரின் கார், இன்னொன்று யாருக்காவது பிரசவ வலி வந்தால் வரும் டாக்ஸி.

அந்த வியாழக்கிழமை அம்மாவும் சித்தியும் சந்தோஷ் நகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். நான் பள்ளி விட்டு வந்து தனியாக இருந்தேன். கதவைத் தட்டினார்கள். திறந்தேன். சாம்பல் நிற சஃபாரி சூட். கையில் ஃபைல். பஸ்ஸில் வந்து நடந்து வந்திருக்க வேண்டும், கழுத்தெல்லாம் வியர்வை. நம் காலனியில் இத்தனை வருஷமாக யாருமே பார்க்காத ஆள் என் எதிரில் நிற்கிறார்.

அவர் மரியாதையாகத் தெலுங்கில் கேட்டார். இந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளாமே, ஃபீல்டில் வேலை செய்கிறாளாமே, இருக்கிறாளா?

நான் பாதி மூச்சை வெளியே விட்டேன். அவர் மூக்கைப் பார்த்தேன். "மா இன்ட்லோ ஃபீல்டுலோ எவரூ லேரண்டி" என்றேன். எங்கள் வீட்டில் யாரும் ஃபீல்டில் இல்லைங்க. கடைசி வார்த்தையை அலுப்பாகக் கீழே இறக்கினேன்.

அவர் ஃபைலைப் பார்த்தார், கதவு நம்பரைப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை கேட்டார். திரும்ப ஒரு தடவை சொன்னேன், இன்னும் அலுப்பாக. இறங்கிப் போனார். கீழ் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வெரிஃபிகேஷன் வரப்போகிறதென்று அம்மா ஏற்கெனவே பெஜவாடா ஆன்ட்டியின் காதில் போட்டு வைத்திருந்தாள். "தெலியதண்டி", தெரியாதுங்க, என்று ஆன்ட்டி சொன்னது மாடிவரை கேட்டது. எதிர் பிளாக்கின் கீழே பந்து விளையாடிக்கொண்டிருந்த உங்களில் இரண்டு பேரிடமும் கேட்டார். நீங்களும் தெரியாது என்றுதான் தலையாட்டினீர்கள். அவர் ஃபைலில் எதையோ எழுதிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

வெரிஃபிகேஷன் ஆள் வந்துபோனார் என்று அப்பா வந்ததும் சொன்னேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்குப் போய் ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த காரணம் என்ற இடத்தில் 'பர்சனல்' என்று எழுதியிருந்ததாம். "அவங்க அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். அன்று பேக்கரியிலிருந்து எனக்கு முழு தில்பசந்த் ஒன்று வாங்கி வந்தார். தேங்காயும் டுட்டி ஃப்ரூட்டியும் வாயில் ஒட்ட ஒட்ட நான் ஒருத்தியே தின்றேன். சித்தியும் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "இருபது தடவை வாங்கினது வீண் போகலே" என்றாள்.

பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சித்தி வெளியே போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் கட்டியைத் தட்டிப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது வெளியாட்களின் வேலை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சித்தி தயிர் போட்டுக்கொண்டாள், மிளகாய் பஜ்ஜி கேட்டாள். அடுத்த வாரம் டைப்பிங் கிளாஸில் சேர்ந்தாள்.

நிஜமான வெரிஃபிகேஷன் ஒரு மாதம் கழித்து வந்தது. ரப்பர் செருப்பு, துணிப்பை, வெற்றிலைக் கறை படிந்த பல், தாத்தா மாதிரி ஒருவர். தன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு டீ குடித்தார். அப்பாவின் சொந்த ஊர், எத்தனை வருஷமாக இந்த விலாசம், வெளிநாட்டில் உறவுக்காரர்கள் உண்டா. சித்தியைக் காட்டி இவர் யார் என்றார். மனைவியின் தங்கை என்றார் அப்பா. எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. வாசலில் தயாராக நின்றிருந்த என்னைப் பார்த்து எந்த வகுப்பு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் அப்பா கதவைச் சாத்தினார். "அப்ப அன்னைக்கு வந்தது யாரு?" என்றார்.

சித்தி டீ கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அப்பா என்னைப் பார்த்தார். "தெரியாது" என்றேன். தெரிந்துவிட்டது. அன்று வந்தவர் சித்தியைத் தேடி வந்த ஃபீல்டு ஆள் என்று எனக்கும், அம்மாவுக்கும், அப்பாவுக்கும் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மூன்று பேரில் ஒருவர்கூடச் சமையலறைக்குள் போகவில்லை. குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா உள் பிரிவுக்குப் போனார். பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதற்குள் சித்திக்கு ரயில்வேயில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் அவள் ஒரு இரவுகூடத் தங்கவில்லை. பின்னாளில் சித்திக்குக் கிடைக்காமல் போன அந்தப் படம் டிவியில் வந்தால் அப்பா எழுந்து, ஸ்கூட்டருக்குப் பூட்டுப் போட்டேனா என்று பார்க்கப் போவார். படம் முடியும்வரை பூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிவரை அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும்தான். நான் கோழை, வேறு பெயர் இல்லை.

உங்கள் கட்டைவிரலைப் பார்த்த மறுநாள் சித்தி வீட்டுக்குப் போனேன். மல்காஜ்கிரியில் தனியாக இருக்கிறாள். சித்தப்பா போய் ஆறு வருஷம். அறுபத்தைந்து தாண்டியும் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் பேசுகிறவர்கள், வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா கொடும்மா என்கிறார்களாம். டிவியில் ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு நேராகச் சொன்னேன்.

"சித்தி, காஞ்சன்பாக் வீட்டுக்கு அன்னைக்கு ஒரு ஆள் வந்தாரே."

"சஃபாரி போட்டவரு." அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ப்ரொடக்‌ஷன் மேனேஜர். தெரியும்."

அவளே சொன்னாள்.

"பெஜவாடா அக்காதான் ஒம்பது நாள் கழிச்சுச் சொன்னா. குரல் நல்லாருக்குற பொண்ணு இருக்காளான்னு அவகிட்ட கேட்டாராம். வெரிஃபிகேஷன்காரன் கைக்குடி குரலைக் கேக்கறான்னு அவளுக்கு மெதுவாத்தான் ஒறச்சிருக்கு. மறுநாளே ரெண்டு பஸ் மாறிப் போனேன். மைக் முன்னாடி வேற ஒரு பொண்ணு நின்னுட்டிருந்தா. என்னோட சீன்தான், அம்மா படத்துக்கு முன்னாடி பேசறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு முழுசாக் கேட்டேன். நல்லாத்தான் பண்ணினா."

"என்மேல கோவமா இருந்திருப்பே."

"மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? அம்மா, உங்க வீட்ல ஒரு சின்னப் பொண்ணு கதவைத் தொறந்துச்சு. இந்த வேலைல எத்தனையோ குரல் கேட்டிருக்கேன், பொய்யா நெஜமான்னு குரல்லயே சொல்லிடுவேன். அது சொன்னதை அப்படியே நம்பிட்டேன். அடுத்த படத்துல ஒரு கொழந்தை வேஷம் இருக்கு, பெரிய வேஷம். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க அப்படின்னார்."

நாற்பது வருஷமாக என்னிடம் சொல்லவில்லை. எந்தக் குரலுக்காக நான் ஆயுசு முழுக்க வெட்கப்பட்டேனோ, அதை ஒருவர் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"எங்க வீட்ல அப்படி ஒரு பொண்ணே கெடையாதுன்னேன். நம்பிட்டார்."

சித்தி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பழி வாங்கினாளா, அப்பாவுக்கு இன்னொரு தொந்தரவு வரக்கூடாது என்று நினைத்தாளா, என்னைக் காப்பாற்றினாளா? இல்லை, இந்த மேனேஜர் கதையே இப்போது என் மனம் ஆறட்டும் என்று கட்டியதா? சந்தேகப் பிராணிக்கு எல்லாமே தோன்றியது. முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"கோவத்துலயா அப்படிச் சொன்னே சித்தி? நெஜத்தைச் சொல்லு."

அவள் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, பழைய நாளில் என் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பாளே, அதே மாதிரி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

"எந்தக் குரல்ல சொல்லட்டும்?" என்றாள்.